மோடம் முதல் மொபைல் வரை: வீட்டு இணைய இணைப்பின் சொற்களும் பழுது தேடும் வரிசையும்

"நெட் வரவில்லை" என்று புகார் கொடுத்தால் மறுமுனையில் இருந்து கேள்விகள் வரிசையாக வரும். பான் விளக்கு நிலையாக எரிகிறதா? எல்ஓஎஸ் சிவப்பா? வேன் ஐபி வந்திருக்கிறதா? வைஃபையில் பார்த்தீர்களா, கேபிளில் பார்த்தீர்களா? இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் இணைய இணைப்பின் ஏதோ ஒரு பகுதியைச் சேர்ந்தவை. எது எந்தப் பகுதிக்கு உரியது என்று பிடிபட்டுவிட்டால், பழுது எங்கே என்பதையும் பாதி கண்டுபிடித்த மாதிரிதான்.

பகுதிகள் நான்கு: நிறுவனத்தில் இருந்து உங்கள் வீட்டுப் பெட்டி வரை வரும் பாதை, பெட்டிக்குள் நடக்கும் வேலை, பெட்டியில் இருந்து உங்கள் போன் அல்லது கணினி வரை, நிறுவனத்தைத் தாண்டிய வெளி இணையம். இந்த வழிகாட்டியும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் போகிறது.

ஒரு பெட்டி, பல கருவிகள்

வீட்டில் எல்லோரும் மோடம் என்று கூப்பிடும் பெட்டிக்குள் குறைந்தது நான்கு கருவிகள் இருக்கின்றன.

மோடம்: வெளியில் இருந்து வரும் சைகையைக் கணினிக்குப் புரியும் தரவாக மாற்றுவது. பழைய டயல்-அப் மோடம் தொலைபேசிக் கம்பியில் அதிகபட்சம் 56 கேபிபிஎஸ் கொடுத்தது. அதே செம்புக் கம்பியில் ஏடிஎஸ்எல்2 பிளஸ் 24 எம்பிபிஎஸ் வரை போனது. ஃபைபர் இணைப்பில் இந்த வேலையைச் செய்வதற்கு ஓஎன்டி என்று பெயர். ஓஎன்யு என்றும் சொல்வார்கள்.

ரூட்டர்: வீட்டு நெட்வொர்க்கையும் வெளி இணையத்தையும் இணைத்து, எந்தத் தரவு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது.

ஸ்விட்ச்: பெட்டியின் பின்னால் இருக்கும் லேன் போர்ட்டுகள். வீட்டுக்குள் இருக்கும் கருவிகளைக் கம்பி வழியே ஒன்றோடொன்று சேர்ப்பது.

ஆக்சஸ் பாயின்ட்: வைஃபை சைகையை ஒலிபரப்பும் ரேடியோ.

தனியாக ரூட்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டியது இதைத்தான். கடையில் விற்கும் சாதாரண வைஃபை ரூட்டரில் மேலே சொன்னவற்றில் கடைசி மூன்று கருவிகளும் இருக்கும், மோடம் இருக்காது. ஃபைபர் கேபிளை அதில் நேரடியாகச் செருக இடமே கிடையாது. ஓஎன்டியின் லேன் போர்ட்டில் இருந்து ஒரு கேபிள் எடுத்து ரூட்டரின் வேன் போர்ட்டில் கொடுக்க வேண்டும். வேன் என்பது வெளியுலகப் பக்கம், லேன் என்பது வீட்டுப் பக்கம். பெரும்பாலான பெட்டிகளில் வேன் போர்ட் வேறு நிறத்தில் இருக்கும்.

ஃபைபர் பாதையும் விளக்குகளும்

ஜிபான் என்பது ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் முறை. அதில், நிறுவனத்தின் ஓஎல்டி கருவியில் இருந்து புறப்படும் ஒரே ஃபைபரை ஸ்ப்ளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். இறங்குவழியில் (டவுன்லோடு) மொத்தம் 2.5 ஜிபிபிஎஸ், ஏறுவழியில் (அப்லோடு) 1.25 ஜிபிபிஎஸ். இந்த அளவை அத்தனை வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. அதனால் தெருவில் கரண்ட் போனாலும், ஓஎல்டி இருக்கும் இடத்தில் மின்சாரம் இருந்து உங்கள் ஓஎன்டிக்கும் பேக்கப் இருந்தால், நெட் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் வாங்குமுன் அடாப்டரின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். வோல்ட் அச்சாகப் பொருந்த வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட்தான். ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. குறைந்தால் பெட்டி தானாக அணைந்து அணைந்து எரியும். அதைப் பலரும் லைன் கோளாறு என்று நினைத்துப் புகார் கொடுக்கிறார்கள்.

விளக்குகள் சொல்வது இதுதான். பான் நிலையாகப் பச்சை என்றால் ஓஎல்டியோடு தொடர்பு சரி. பான் விட்டு விட்டு எரிந்தால் ஒளி வருகிறது, ஓஎல்டியில் உங்கள் பெட்டியின் பதிவு நடக்கவில்லை. எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை, அல்லது போதவில்லை. இண்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் ஃபைபர் நன்றாக இருக்கிறது, கணக்கு அல்லது அமைப்புப் பக்கம்தான் சிக்கல். எல்ஓஎஸ் சிவப்பு என்றால் ரூட்டரை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை.

ஒளியின் அளவை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். பிரவுசரில் ரூட்டரின் முகவரியைக் கொடுத்தால் திறக்கும் நிர்வாகப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று இருக்கும். மைனஸ் எண்ணாக வரும். பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் ஒளி அதிகம். -15 முதல் -25 வரை நல்ல நிலை. -27ஐத் தாண்டினால் இணைப்பு தடுமாறும், மழை நாளில் முதலில் அறுந்துபோவது இந்த வீடுகள்தான். மைனஸ் பக்கம் 3 டிபி கூடினால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். 10 டிபி கூடினால் பத்தில் ஒரு பங்கு. ஆகவே போன மாதம் -20 ஆக இருந்தது இப்போது -26 என்றால், நெட் ஓடிக்கொண்டிருந்தாலும் எங்கோ வளைவோ அழுக்கோ சேர்ந்திருக்கிறது. இணைப்பு புதிதாக வந்த நாளிலேயே இந்த எண்ணைக் குறித்து வைத்தால் பிறகு ஒப்பிட வசதி.

ஒளி குறைய வீட்டுக்குள் மூன்று காரணங்கள் வழக்கம். கேபிளைக் கதவு மூலையில் மடக்கி ஆணி அடித்திருப்பது. சாதாரண ஃபைபரை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. கனெக்டரின் முனையை விரலால் தொட்டது. பச்சை நிறக் கனெக்டரையும் நீல நிறக் கனெக்டரையும் மாற்றிச் செருகியது; பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும், நீலத்தின் முனை சாய்வில்லாதது, இரண்டும் பொருந்தாது. ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவே வேண்டாம். அதில் ஓடும் லேசர் கண்ணுக்குத் தெரியாத அலைநீளம் கொண்டது.

சிம் போடும் மோடம்

ஃபைபர் வராத ஊரில் 4ஜி, 5ஜி சிம் போட்டு இயங்கும் மோடம்தான் வழி. டாங்கிள் கணினியின் யுஎஸ்பியில் செருகுவது. மைஃபை பேட்டரியோடு கையில் எடுத்துப் போவது. சிபிஇ என்பது கரண்டில் ஓடும் வீட்டுப் பெட்டி. ஜியோ, ஏர்டெல் இரண்டும் விற்கும் ஏர்ஃபைபர், பெயரில் ஃபைபர் இருந்தாலும், வீட்டுக்கு வரும் கடைசித் தூரம் ரேடியோதான்.

இங்கே பார்க்க வேண்டிய எண் ஆர்எஸ்ஆர்பி, அதாவது டவரில் இருந்து வரும் சைகையின் பலம். -80 டிபிஎம் அருகில் என்றால் அருமை, -100 சுமார், -110ஐத் தாண்டினால் பெட்டியை இடம் மாற்ற வேண்டும். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு நிறுவனமும் கோட்டுக்கு வேறு அளவு வைத்திருக்கிறது. டவர் இருக்கும் திசைக்கு ஜன்னலோரம் வைத்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் விட்டு எண்ணைப் பாருங்கள். இரண்டடி நகர்த்தினாலே நல்ல வித்தியாசம் தெரியும். சைகை நன்றாக இருந்தும் நெட் இல்லையென்றால் ஏபிஎன் அமைப்பை, அதாவது சிம் நிறுவனத்தின் இணைய வாசலின் பெயரைச் சரிபார்க்க வேண்டும். சைகையும் நன்று, ஏபிஎன்னும் சரி, இரவு எட்டு மணிக்கு மட்டும் வேகம் படுத்துவிடுகிறது என்றால் டவரில் கூட்டம். அதற்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

முகவரிகள்: ஐபி, நேட், டிஎன்எஸ்

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். வீட்டுக்குள் கொடுப்பதற்கென்றே ஒதுக்கிய எண்கள் 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை. இவற்றுக்கு வெளி இணையத்தில் மதிப்பில்லை. உங்கள் வீட்டு டிவியும் பக்கத்து வீட்டு லேப்டாப்பும் 192.168.1.5 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு எந்தச் சண்டையும் இல்லாமல் இயங்கலாம்.

இந்த எண்ணைக் கருவிகளுக்குத் தானாக வழங்கும் சேவை டிஎச்சிபி. போன் வைஃபையில் சேர்ந்ததும் எண், ரூட்டரின் முகவரியான கேட்வே, டிஎன்எஸ் முகவரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொள்கிறது. விண்டோஸ் கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் டிஎச்சிபியிடம் இருந்து பதிலே வரவில்லை என்று அர்த்தம். கேபிளையோ ரூட்டரையோ பாருங்கள், நிறுவனத்துக்குப் போன் செய்ய வேண்டியதில்லை.

பிரின்டர், சிசிடிவி டிவிஆர் போன்றவற்றின் எண் மாறிக்கொண்டே இருந்தால் தொல்லை. ரூட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் அந்தக் கருவியின் மேக் முகவரியையும் நீங்கள் விரும்பும் ஐபியையும் சேர்த்துவிடுங்கள். மேக் என்பது கருவியின் நெட்வொர்க் சில்லுக்குரிய 12 இலக்க அடையாளம். புதிய போன்கள் தனியுரிமைக்காகப் போலி மேக் முகவரியைக் காட்டும். மேக் வைத்து யாரையும் தடுக்கவோ அனுமதிக்கவோ முடியாமல் திண்டாடுவது இதனால்தான்.

வீட்டின் எல்லாக் கருவிகளும் வெளியே போகும்போது ஒரே வெளி முகவரியைப் பயன்படுத்தும்படி ரூட்டர் மாற்றிக்கொடுப்பது நேட். நான்கு எண்கள் கொண்ட பழைய ஐபிவி4 முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான். போதாமல் போனதால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதற்கு சிஜிநேட் என்று பெயர். நீங்கள் அதில் இருக்கிறீர்களா என்று பார்க்க: ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் உள்ள வேன் ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் உங்கள் ஐபி என்ன என்று தேடிப் பாருங்கள். இரண்டும் வேறு என்றாலோ, வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினாலோ சிஜிநேட்தான். அப்போது, வெளியில் இருந்து வரும் இணைப்பை வீட்டுக்குள் ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை சரியாகச் செய்தாலும் வெளியூரில் இருந்து ஐபிவி4 வழியே வீட்டு கேமராவைத் திறக்க முடியாது. கேமரா நிறுவனத்தின் கிளவுட் செயலி, முகவரிப் பஞ்சம் இல்லாத புதிய முறையான ஐபிவி6, அல்லது மாதக் கட்டணம் கட்டி வாங்கும், மாறாத வெளி முகவரியான ஸ்டேட்டிக் ஐபி, இவற்றில் ஒன்றுதான் வழி.

டிஎன்எஸ், இணையதளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றிக்கொடுக்கும் சேவை. வாட்ஸாப் ஓடுகிறது, சில தளங்கள் மட்டும் திறக்க மறுக்கின்றன என்றால் முதல் சந்தேகம் இதன் மீதுதான். ரூட்டரின் டிஎன்எஸ் இடத்தில் பொது டிஎன்எஸ் முகவரிகளான 8.8.8.8, 1.1.1.1 என்று கொடுத்துப் பாருங்கள். ஒரே ஓர் ஆண்ட்ராய்டு போனில் மட்டும் நெட் இல்லையென்றால், செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் என்பதில் யாரோ எப்போதோ போட்ட பெயர் கிடக்கிறதா என்று பார்த்து ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள்.

வைஃபை: புகார்களில் பெரும்பாதி இங்கேதான்

எஸ்எஸ்ஐடி என்பது பட்டியலில் தெரியும் வைஃபை பெயர். பெரும்பாலும் பெட்டி இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஒரு கான்கிரீட் சுவரிலேயே பாதி களைத்துவிடும்.

விளம்பர எண்ணுக்கும் கையில் கிடைப்பதற்கும் இடைவெளி பெரிது. பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று அச்சிட்ட மலிவு ரூட்டர் 2.4 மட்டுமே உள்ளது. லேன், வேன் போர்ட்டுகளும் 100 எம்பிபிஎஸ்தான். அதில் 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் 95ஐத் தாண்டாது. இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 5 கருவி 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ் இணைப்பு காட்டும். பக்கத்தில் இருந்து சோதித்தால் 500, 600 கிடைத்தாலே நல்ல ரூட்டர். வைஃபையில் ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், ஒவ்வொரு முறையும் பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டும். மீதி நேரம் போவது அதில்தான்.

வைஃபை 4, 5, 6, 7 என்பவை தலைமுறைகள். வைஃபை 6 வாங்குவதால் வரும் உண்மையான லாபம் ஒரு கருவியின் உச்ச வேகத்தைவிட, பல கருவிகள் ஒன்றாக இருக்கும்போது நெரிசல் குறைவது. போன் பழையதாக இருந்தால் அதன் தலைமுறைக்கே இறங்கித்தான் பேசும்.

சேனல் அமைப்பதில் நடக்கும் தவறு ஒன்று. 2.4இல் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆனால் ஒரு வைஃபைக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆகவே ஒன்றையொன்று தொடாமல் இருக்க வழக்கமாகப் பயன்படுத்துவது 1, 6, 11 ஆகிய சேனல்கள். "எல்லோரும் 6இல் இருக்கிறார்கள், நான் 4க்குப் போகிறேன்" என்று மாற்றினால் 1, 6 இரண்டின் இரைச்சலும் சேர்ந்து வரும். அடுக்குமாடியில் 2.4இன் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள். 40 போட்டால் வேகம் கூடுவதைவிட மோதல்தான் கூடும்.

5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையிலும் 149 முதல் 161 வரையிலும் உள்ள சேனல்கள் தொல்லை குறைந்தவை. இடையில் உள்ள 52 முதல் 144 வரை ராடார்களோடு பகிர்ந்துகொள்ளும் இடம். அங்கே ரூட்டர் ஒலிபரப்பும் முன் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும், ராடார் சைகை வந்தால் உடனே இடம் மாற வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்து வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் திடீரென மறைந்து மறைந்து வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். சேனலை ஆட்டோவில் இருந்து 36 அல்லது 149க்கு மாற்றுங்கள்.

பெட்டியை வைக்கும் இடம் எல்லா அமைப்புகளையும்விட முக்கியம். பீரோவின் மேலே, டிவிக்குப் பின்னால், நிலைக்கண்ணாடிக்கு அருகே, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, இவை நான்கும் மோசமான இடங்கள். இரும்பும் கண்ணாடிப் பூச்சும் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் விழுங்கிவிடும். வீட்டின் நடுவில், தலை உயரத்தில், ஆன்டெனா செங்குத்தாக இருக்கட்டும். செங்குத்து ஆன்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் வீசும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 தடுமாறுவது இயல்பு.

போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு, அறை அறையாக டிபிஎம் பாருங்கள். -50 சுற்றி என்றால் மிக நன்று. -67 வரை வீடியோ கால் தாங்கும். -75க்குக் கீழே போனால் வாட்ஸாப் செய்திகளுக்கு மட்டும். ஃபைபரின் டிபிஎம்மும் இதுவும் அலகில் ஒன்று, அளவுகோலில் வேறு. ஒன்றின் நல்ல எண்ணை இன்னொன்றுக்குப் பொருத்தாதீர்கள்.

கேபிள்

ஆர்ஜே45 முனையுள்ள ஈதர்நெட் கேபிளில் கேட் 5ஈ போதும். 1 ஜிபிபிஎஸ், 100 மீட்டர் வரை. உள்ளே நான்கு ஜோடி கம்பிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், ஜிபிபிஎஸ்ஸுக்கு நான்கும் வேண்டும். அதனால் 100க்குத் தேவையில்லாத மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி விட்டுப்போனால் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். ஸ்பீட் டெஸ்ட் 94, 95 என்று அசையாமல் நின்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். முனை அடிக்கும் நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. கேபிள் வாங்கும்போது சிசிஏ என்று போட்டிருந்தால் தவிருங்கள். அது செம்புப் பூச்சுள்ள அலுமினியம், எளிதில் ஒடியும்.

மாடிக்கு இரண்டாவது ரூட்டர்

சுவரில் செருகும் ரிப்பீட்டர்களில் மலிவானவை ஒரே ரேடியோவில் கேட்டுப் பேசுவதால் வேகத்தைப் பாதியாக்கும். கேபிள் இழுக்க முடிந்தால் பழைய ரூட்டரே போதும்.

1. பழைய ரூட்டரைக் கணினியோடு மட்டும் கேபிளில் இணையுங்கள். அதன் நிர்வாகப் பக்கத்தில் ஏபி மோட் (ஆக்சஸ் பாயின்ட்டாக மட்டும் இயங்கும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து நேராக 4ஆம் படிக்குப் போங்கள்.
2. இல்லையென்றால் லேன் ஐபியை மாற்றுங்கள். முதல் ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. முதல் ரூட்டர் வழங்கும் டிஎச்சிபி வரம்புக்குள் இந்த எண் வராமல் பாருங்கள்.
3. டிஎச்சிபியை அணையுங்கள். இதை மறந்தால் இரண்டு பெட்டிகளும் எண் கொடுக்கத் தொடங்கி, சில கருவிகளுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. கண்டுபிடிக்கக் கடினமான கோளாறு இது.
4. வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றையும் முதல் ரூட்டரைப் போலவே வையுங்கள். சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்: கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11.
5. முதல் ரூட்டரின் லேன் போர்ட்டில் இருந்து வரும் கேபிளை இதன் லேன் போர்ட்டிலேயே செருகுங்கள். ஏபி மோட் உள்ள பெட்டியில் வேனில் செருகினாலும் வேலை செய்யும்.

மாறாக எதையும் மாற்றாமல் வேனில் செருகினால் இரண்டு ரூட்டர்களும் நேட் செய்யும் டபுள் நேட் உண்டாகும். நெட் வரும், ஆனால் மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே உள்ள பிரின்டரைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது.

பூட்டு

வைஃபையின் பாதுகாப்பு வகைகளில் பழையதான டபிள்யூஈபி 2001லேயே உடைபட்டது, தொடவே வேண்டாம். டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் குறைந்தபட்சம், எல்லாக் கருவிகளும் ஏற்றால் டபிள்யூபிஏ3. கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு எண்ணைக் கொடுத்து வைஃபையில் சேரும் டபிள்யூபிஎஸ் பின் முறையை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்கப் பின்னை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் பிடித்துவிடலாம். வைஃபை கடவுச்சொல் வேறு, ரூட்டர் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும். மக்கள் மாற்றுவது முதலாவதை மட்டும். விருந்தினருக்கு உங்கள் கருவிகளில் இருந்து பிரிந்த கெஸ்ட் நெட்வொர்க் கொடுங்கள்.

நெட் போனால் இந்த வரிசையில்

முதலில் விளக்குகள். எல்ஓஎஸ் சிவப்பு என்றால் அங்கேயே நிறுத்தி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், டிபிஎம் எண்ணையும் சேர்த்து. விளக்கு சரியாக இருந்தால் கேபிளில் ஒரு கணினியை இணைத்து, கமாண்ட் பிராம்ப்டில், ஒரு முகவரியில் இருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையோடு ரூட்டரின் முகவரியை, உதாரணமாக 192.168.1.1 என்று கொடுங்கள். ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் கேபிள் அல்லது பெட்டி. வந்தால் அடுத்து 8.8.8.8க்குப் பிங். பதில் இல்லையென்றால் வேன் பக்கம்: பிபிபிஓஈ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துச் சேரும்) இணைப்பு என்றால் பயனர் பெயர், கடவுச்சொல், நிறுவனம் கொடுத்த விலேன் எண், பிளான் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். 8.8.8.8 பதில் தருகிறது, தளங்கள் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ். கேபிளில் எல்லாம் சரி, போனில் மட்டும் இல்லை என்றால் வைஃபை.

வேகம் குறைவு என்ற புகாருக்கு, பிளான் எம்பிபிஎஸ்ஸில் இருக்கிறது, டவுன்லோடு காட்டுவது மெகாபைட்டில் என்பதை மறக்கக் கூடாது. எட்டால் வகுத்தால் 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். அது கிடைத்தால் குறையில்லை. வேகம் இருந்தும் வீடியோ கால் விட்டு விட்டு வருகிறது என்றால் பிங் எண்கள் எவ்வளவு தாவுகின்றன என்று பாருங்கள்; அந்தத் தாவல்தான் ஜிட்டர். யாராவது கூகுள் போட்டோஸில் படங்களை ஏற்றும்போது மட்டும் பிங் 20இல் இருந்து 300க்குப் போனால் ஏறுவழி நிரம்பிவிட்டது. ரூட்டரில் வேகத்தைப் பங்கிட்டுக் கட்டுப்படுத்தும் கியூஓஎஸ் இருந்தால் ஏறுவழியைப் பிளானின் 85, 90 சதவீதத்தில் கட்டுப்படுத்தினால் அடங்கும்.

ரீசெட் துளையில் ஊசியைப் பத்து நொடி அழுத்துவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது ரீஸ்டார்ட் அல்ல. பிபிபிஓஈ பெயர், விலேன் எண் எல்லாவற்றையும் அழித்துவிடும், பல பெட்டிகளில் தானாகத் திரும்ப வராது. அழுத்துமுன் வேன் பக்கத்தின் ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கடவுச்சொல் புள்ளிகளாகத்தான் தெரியும், அதை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.